சான்றிதழுக்கு 9 லட்சம், முதல் பணம் வர 20 மாதம்: ‘ஏரோஸ்பேஸ் பட்டறை’யில் காசு போடும் முன் ஒரு கணக்கு



ஓசூரில் சிஎன்சி பட்டறை வைத்திருக்கும் உங்க பெரியப்பா மகன் ஒரு நாள் போன் பண்றார்னு வெச்சுக்கோங்க. “ஏ.எஸ் 9100 சர்டிஃபிகேட் மட்டும் வாங்கிட்டா போதும்டே, விமானக் கம்பெனி ஆர்டரா கொட்டும். மொத்தமே 9 லட்சம்தான். 4 என்கிட்ட இருக்கு. நீ ஒரு 5 போடு, பார்ட்னரா சேத்துக்கிடுதேன்.”

நம்ம சங்கரன்கோவில் பக்கம் இப்படிப்பட்ட அழைப்புகள் வருவது ஆச்சரியமில்லை. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் பல ஆண்டுகளாக இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சி ஆகிய 5 ஊர்களை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் தொடங்கப்பட்டது. நம்ம ஊரில் இருந்து கிளம்பி ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் மெஷின் ஓட்டிப் பழகி, சொந்தப் பட்டறை போட்ட அண்ணன்மார் நிறைய. அவர்களுக்கு இந்த ஆசை வருவது நியாயம்தான்.

ஆனால் கேட்கப்படுவது உங்களுடைய 5 லட்சம். 40,000 சம்பளத்தில் மாதம் 12,000 மிச்சம் பிடித்தால், அது மூன்றரை வருட உழைப்பு. அதனால் “போடலாமா, வேண்டாமா” என்பதை அண்ணன் மேல் இருக்கும் பாசத்தை வைத்து முடிவு பண்ண வேண்டாம். கணக்கு போட்டுப் பார்த்து முடிவு பண்ணுவோம்.

முதலில், ஏ.எஸ் 9100 என்றால் என்ன?

ஐ.எஸ்.ஓ 9001 உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நிறுவனம் தன் தரத்தை நிர்வகிக்க முறையான ஏற்பாடு வைத்திருக்கிறது என்பதற்கான உலகப் பொதுத் தரநிலை அது. அதில் இருக்கும் அத்தனை நிபந்தனைகளையும் அப்படியே எடுத்துக்கொண்டு, மேலே விமானம், விண்வெளி, பாதுகாப்புத் துறைகளுக்கான கூடுதல் நிபந்தனைகளைச் சேர்த்தால் அதுதான் ஏ.எஸ் 9100. போயிங், ஏர்பஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் உறுப்பினராக இருக்கும் ஐஏக்யூஜி என்ற சர்வதேசக் குழு இதைப் பராமரிக்கிறது. முதல் பதிப்பு 1999-ல் வந்தது. இப்போது நடைமுறையில் இருக்கும் ‘டி’ பதிப்பு 2016-ல் வந்தது. அடுத்த பதிப்பு ஐஏ 9100 என்று பெயர் மாறி வரும் என்று அந்தக் குழு அறிவித்திருக்கிறது. அது வரும்போது, ஏற்கனவே சான்றிதழ் வைத்திருப்பவர்களும் புதியதற்கு மாற வேண்டும். அதற்கும் செலவு உண்டு என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே மூன்று விஷயம் முக்கியம்.

ஒன்று, இது நிறுவனத்தின் அமைப்புக்கு தரப்படும் சான்றிதழ். பட்டறை செய்யும் பாகத்துக்குத் தரப்படுவது இல்லை. “இந்த பிராக்கெட்டை விமானத்தில் மாட்டலாம்” என்று யாரும் இதில் எழுதித் தருவதில்லை.

இரண்டு, சான்றிதழில் முகவரியும், ‘ஸ்கோப்’ என்று ஒரு வரியும் இருக்கும். அந்த முகவரியில், அந்த வரியில் சொல்லியிருக்கும் வேலைக்கு மட்டும்தான் அது செல்லும்.

மூன்று, இதன் ஆயுள் 3 வருடம். நடுவில் வருடா வருடம் கண்காணிப்பு ஆடிட் நடக்கும். 3 வருடம் முடியும் முன் மறுபடி முழு ஆடிட். ஒரு முறை கட்டி முடிக்கிற ஃபீஸ் இல்லை இது. பட்டறை ஓடும்வரை கூடவே ஓடும் செலவு.

ஆடிட்டர் எதைப் பார்ப்பார்?

தறியை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். நம்ம ஊரில் சேலையில் குறை இருந்தால் என்ன நடக்கும்? வியாபாரி துணியை விரித்துப் பார்ப்பார், குறையைக் காட்டுவார், கூலியில் பிடிப்பார். அதோடு முடிந்தது. விமானத் துறையில் அங்கேதான் விசாரணையே ஆரம்பிக்கும். இந்தப் பாவு எந்த நூல் மூட்டையில் இருந்து வந்தது? அந்த மூட்டைக்குச் சோதனை அறிக்கை இருக்கா? தறியில் யார் நின்றது? இழை அறுந்தபோது யார் கட்டியது, எத்தனை மணிக்கு? அதே மூட்டை நூலில் நெய்த மற்ற சேலைகள் இப்போது எந்தக் கடையில் இருக்கு?

இந்தக் கேள்விகளை ஒரு அலுமினியத் துண்டைப் பார்த்துக் கேட்பதுதான் ஏ.எஸ் 9100. மெட்டீரியல் வந்த ஹீட் நம்பர், அதன் சோதனைச் சான்று, டிராயிங்கின் எந்தத் திருத்தப் பதிப்பு, எந்த மெஷின், எந்த ஆபரேட்டர், அளந்த மைக்ரோமீட்டருக்குக் கடைசியாக எப்போது கேலிப்ரேஷன் நடந்தது என்று எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். போலி மெட்டீரியல் உள்ளே வராமல் தடுக்க என்ன ஏற்பாடு, பாகத்துக்குள் உலோகத் துகள் தங்காமல் இருக்க என்ன ஏற்பாடு, சொன்ன தேதிக்கு டெலிவரி போகிறதா என்பதும் இதில் அடக்கம்.

புதிய பாகம் ஒன்றை முதல்முறை செய்யும்போது ‘ஃபர்ஸ்ட் ஆர்ட்டிகிள் இன்ஸ்பெக்ஷன்’ என்று ஒரு சோதனை உண்டு. டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும் வட்டம் போட்டு எண் கொடுத்து, ஒவ்வொன்றையும் அளந்து, வந்த எண்ணை எழுத வேண்டும். 140 அளவு இருந்தால் 140 வரி. பட்டறை மொழியில் இதை ‘பலூனிங்’ என்பார்கள். வேகமாக ஜாப் முடித்துப் பழகிய கைக்கு இது பெரிய பொறுமைச் சோதனை.

பேப்பர் வேலைக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

2024 ஜனவரி 5. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் 1282-ம் எண் விமானம் ஏறக்குறைய 15,000 அடி உயரத்தில் இருந்தபோது, பக்கச் சுவரில் கதவுக்குப் பதிலாக அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே 177 பேர். உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பித்தார்கள். அந்தப் பலகையைப் பிடித்திருக்க வேண்டிய 4 போல்ட்டுகள் மாட்டப்படவே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது.

எப்படி நடந்தது? விமானத்தின் உடற்பகுதி ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற சப்ளையரிடம் இருந்து வந்தது. அதில் சில ரிவெட்டுகளைச் சரிசெய்ய வேண்டியிருந்ததால், போயிங் தொழிற்சாலையில் அந்தப் பலகையைத் திறந்தார்கள். திறந்ததற்கு எழுத்துப் பதிவு இல்லை. பதிவு இல்லாததால், மூடிய பிறகு “போல்ட் மாட்டியாச்சா” என்று பார்க்க வேண்டிய ஆளுக்கும் வேலை வரவில்லை.

இதில் இருந்து நமக்கு இரண்டு பாடம். பதிவு என்பது சம்பிரதாயம் இல்லை, அந்த ஒரு தாள் இருந்திருந்தால் போல்ட் இருந்திருக்கும். அடுத்தது, இது நடந்தது ஏதோ மூலையில் இருக்கும் பட்டறையில் இல்லை. உலகிலேயே பெரிய தர அமைப்புகளை வைத்திருந்த நிறுவனங்களுக்கு நடுவில். சுவரில் சான்றிதழ் மாட்டியிருப்பது வேறு, தினமும் அதன்படி வேலை செய்வது வேறு.

இந்த இரண்டாவது பாடத்தில்தான் உங்க பணம் மாட்டியிருக்கு. தினமும் அதன்படி வேலை செய்ய ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாதா மாதம் சம்பளம் வேண்டும். அண்ணன் சொன்ன 9 லட்சத்தில் அந்தச் சம்பளம் இருக்கா?

9 லட்சம் எப்படி 22 லட்சம் ஆகிறது?

கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணனுடைய உண்மையான எண்களை வாங்கி, அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

முதல் செலவு, அண்ணன் சொன்ன 9 லட்சம். கன்சல்டன்ட், பயிற்சி, அளவுக் கருவிகள், என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற லேபில் கேலிப்ரேஷன், சான்று நிறுவனத்தின் ஆடிட் ஃபீஸ் எல்லாம் இதில் சேரும்.

இரண்டாவது, ஒரு குவாலிட்டி இன்ஜினியரும், ரெக்கார்டு பார்க்க ஒரு ஆளும். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 50,000.

மூன்றாவது, சாம்பிள் பாகங்களுக்கான மெட்டீரியலும், முதல் முயற்சிகளில் கழிந்துபோகும் ரிஜெக்ஷனும். 3 லட்சம்.

இப்போது காலம். தயாரிப்பு, இன்டர்னல் ஆடிட், அதன் பிறகு சான்று நிறுவனம் நடத்தும் இரண்டு கட்ட ஆடிட், அதில் எழுதும் குறைகளைச் சரிசெய்து நிரூபிப்பது எல்லாம் முடிந்து சான்றிதழ் வர 8 மாதம். அதற்கு அப்புறம்தான் வாடிக்கையாளர் வருவார். அவர் தன் ஆளை அனுப்பிப் பட்டறையைப் பார்த்து, விலை கேட்டு, சாம்பிள் செய்யச் சொல்லி, அளவு அறிக்கையை ஒப்புக்கொள்ள 7 மாதம். ஆர்டர் வந்து செய்து அனுப்ப 3 மாதம். பில் கொடுத்துப் பணம் வர 2 மாதம். கூட்டினால் 20 மாதம்.

20 மாதத்துக்கு 50,000 வீதம் 10 லட்சம். ஆரம்பச் செலவு 9, மெட்டீரியல் 3. ஆக 22 லட்சம். கையில் இருப்பது அண்ணனின் 4-ம் உங்க 5-ம் சேர்ந்து 9.

சான்றிதழ் கைக்கு வரும் 8-வது மாதத்திலேயே 9-ம், சம்பளம் 4-ம் சேர்ந்து 13 லட்சம் செலவாகியிருக்கும். ஃப்ரேம் போட்டு சுவரில் மாட்டும் முன்பே அடுத்த போன் வந்துவிடும். “இன்னும் ஒரு 5 லட்சம் மட்டும்டே, சர்டிஃபிகேட் வரப்போகுது, இப்ப நிறுத்தினா போட்டதெல்லாம் வேஸ்ட்.” அந்த நேரத்தில் உங்களால் மறுக்க முடியாது. வீட்டு நகை அடகுக்குப் போவது இப்படித்தான். சான்றிதழுக்குக் கொடுத்த பணம் கெடுப்பது குறைவு. சான்றிதழுக்கும் முதல் வரவுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான் குடும்பங்களைக் கெடுக்கிறது.

சரி, ஆர்டர் வந்தாச்சு. எல்லாச் செலவும் போக மாதம் 1 லட்சம் மிச்சம் என்று வைத்தால், 22 லட்சம் திரும்ப 22 மாதம். அதாவது இன்றைய தேதியில் இருந்து 42-வது மாதம். 8-வது மாதம் வாங்கிய சான்றிதழ் 44-வது மாதத்தில் காலாவதி. போட்ட பணத்தைக் கையில் பார்க்கும் சமயத்தில் மறு ஆடிட்டுக்குத் தயாராக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு “அப்போ இது ஏமாற்று வேலை” என்று முடிவு பண்ணிடாதீங்க. அது இல்லை. பட்டறையின் பழைய ஆட்டோமொபைல் வேலையோ பம்ப் வேலையோ மாதம் ஒன்றரை லட்சம் லாபம் தந்து, அந்த 13 லட்சப் பள்ளத்தை அதுவே தாண்டவைத்தால் இது அருமையான முடிவு. விமானப் பாகத்தில் நுழைந்துவிட்டால், மறுபடி தகுதிச் சோதனை செய்ய வேண்டுமே என்பதற்காகவே வாடிக்கையாளர் சப்ளையரை லேசில் மாற்றமாட்டார். நுழைவது கஷ்டம், நுழைந்தவர்கள் நிலைப்பார்கள். காத்திருக்கத் தெம்பு இருக்கா என்பது மட்டும்தான் கேள்வி.

அண்ணனிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

*1. இந்தச் சான்றிதழை யார் கேட்டார்கள்?* ஒரு வாடிக்கையாளர் “இது இருந்தால் உங்களிடம் இந்தப் பாகத்துக்கு விலை கேட்போம்” என்று மெயிலாவது அனுப்பியிருந்தால் நல்லது. “எல்லாரும் வாங்குறாங்க” என்பது பதில் இல்லை. சில வாடிக்கையாளர்கள் தங்களுக்குக் கீழே வேலை எடுக்கும் சின்னப் பட்டறைகளிடம் ஐ.எஸ்.ஓ 9001 இருந்தாலே போதும் என்பார்கள். இஸ்ரோ, எச்.ஏ.எல் போன்றவை தங்களுக்கென்று சப்ளையர் பதிவு முறை வைத்திருக்கின்றன. யாருக்கு சப்ளை என்று தெரியாமல் எந்தச் சான்றிதழ் தேவை என்று சொல்லவே முடியாது.

*2. ஹீட் ட்ரீட்மென்ட், அனோடைசிங், வெல்டிங் யார் செய்வார்?* இவற்றை ‘சிறப்புச் செயல்முறை’ என்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் சரியா தப்பா என்று தெரியாத வேலைகள். பெரிய விமான நிறுவனங்கள் பல, இவற்றுக்கு ‘நேட்கேப்’ என்ற தனி அங்கீகாரம் கேட்கும். அண்ணனிடம் அது இல்லையென்றால், இருக்கும் இடத்துக்கு ஜாப்பை அனுப்பி வாங்க வேண்டும். அந்தச் செலவும் நாளும் விலையில் சேர்ந்திருக்கா?

*3. சான்றிதழ் யார் தருகிறார்?* ஆலோசனை சொல்பவரும் சான்று தருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, அது விதி. “நாங்களே டாக்குமென்ட் ரெடி பண்ணி, நாங்களே சர்டிஃபிகேட்டும் தருவோம், 30 நாளில்” என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். முறையான ஏ.எஸ் 9100 சான்றிதழ்கள் ஐஏக்யூஜி நடத்தும் ‘ஒயாசிஸ்’ என்ற ஆன்லைன் பட்டியலில் இருக்கும். வாடிக்கையாளர் முதலில் தேடுவதே அங்கேதான். அதில் பெயர் இல்லாத சான்றிதழ், கலர் ஜெராக்ஸ் மாதிரிதான்.

*4. மானியம் கேட்டாச்சா?* மத்திய அரசின் ‘செட்’ திட்டத்தில் அந்தச் சான்றிதழுக்கான கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80 சதவீதம், சிறு நிறுவனத்துக்கு 60 சதவீதம் மானியம் உண்டு. அது ஏ.எஸ் 9100 இல்லை. ஆனால் பட்டறையை ஒழுங்குபடுத்தும் முதல் படியாக உதவும். தரச் சான்றிதழ் செலவைத் திருப்பித் தரும் ‘க்யூ-செர்ட்’ திட்டம் தமிழ்நாடு அரசிடம் இருக்கிறது. எவ்வளவு, எந்தச் சான்றிதழுக்கு என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மானியம் செலவு செய்த பிறகுதான் வரும். அதனால் அதைக் கையில் இருக்கும் காசாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

*5. பணம் எத்தனை நாளில் வரும்?* உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தியாவில் உள்ள வாடிக்கையாளர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி கேட்க 2006-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 43பி (ஹெச்) என்று எல்லோரும் பேசிய 2023-ம் ஆண்டுத் திருத்தத்தால், நேரத்துக்குத் தராத வாடிக்கையாளருக்கு வருமான வரியில் அந்தச் செலவுக் கழிவும் தள்ளிப்போகும். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஏற்றுமதி என்றால் இசிஜிசி காப்பீடு பற்றிக் கேளுங்கள்.

*6. அந்த 13 லட்சம் எங்கிருந்து வரும்?* இதுக்கு மட்டும் வாய்ப் பதில் வேண்டாம். மாதவாரியாக ஒரு எக்ஸெல் ஷீட் கேளுங்கள். போட்டுத் தர முடியாது என்றால் நீங்களே உட்கார்ந்து அவருடன் போடுங்கள். உங்க 5 லட்சத்தைவிட அந்த இரண்டு மணி நேரம் அண்ணனுக்கு அதிகம் உதவலாம்.

போடுவதென்றால் எந்த ரூபத்தில் போடுவது?

ஆறு கேள்விக்கும் பதில் திருப்தி. சரி, போடுங்கள். ஆனால் எப்படிப் போடுகிறீர்கள் என்பது, எவ்வளவு போடுகிறீர்கள் என்பதற்குச் சமமான விஷயம்.

*சாதாரண பார்ட்னர்ஷிப்பில் சேராதீர்கள்.* 1932-ம் ஆண்டுச் சட்டப்படி பட்டறையின் மொத்தக் கடனுக்கும் ஒவ்வொரு பார்ட்னரும் பொறுப்பு. நீங்க போட்டது 5 லட்சம், பட்டறையின் கடன் 60 லட்சம் என்றால், கடன் கொடுத்தவர் 60-க்கும் உங்களைத் தேடி வரலாம். உரிமை வேண்டும் என்றால் எல்எல்பி அல்லது பிரைவேட் லிமிடெட். அதிலும் வேலை பார்க்கும் கம்பெனி, வெளியே தொழில் செய்ய அனுமதிக்கிறதா என்று ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள்.

*கடனாகத் தருவது எளிது.* வட்டி, திருப்பும் தேதி எழுதி, பேங்க் மூலம் அனுப்புங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். சொந்தக்காரரிடம் எழுதி வாங்குவதில் கூச்சம் வேண்டாம். எழுத்து இருந்தால்தான் பின்னாடி உறவு தங்கும்.

*ஜாமீன் கையெழுத்து, கொஞ்சம் நில்லுங்க.* “பணம் வேண்டாம்டே, பேங்க்ல ஒரு கையெழுத்து மட்டும்” என்பது 5 லட்சத்தைவிடப் பெரிய உதவி. சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் சமம். நாளைக்கு உங்க வீட்டுக் கடன் அங்கேயே அடிபடும். கையெழுத்துக்கு முன், சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத் திட்டத்தில் கடன் கேட்டாச்சா என்று கேளுங்கள். சொத்து அடமானமும் மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லாமல் குறு, சிறு நிறுவனங்களுக்குக் கடன் கிடைக்கத்தான் அந்தத் திட்டமே இருக்கிறது. 2025 ஏப்ரலில் இருந்து அதன் உச்சவரம்பு 10 கோடி.

எந்த ரூபமானாலும் ஒரு எல்லை. அவசர நிதியையும் பிஎஃப்-ஐயும் தொடாமல், முழுசாகப் போனாலும் அண்ணனுடன் பேச முடியும் என்கிற தொகை எதுவோ, அதுதான் உங்க உச்சவரம்பு.

பங்கு வாங்குறவங்களுக்கும் இதே கணக்குதான்

உங்களுக்குப் பட்டறை அண்ணன் இல்லாமல் இருக்கலாம். ஆனால் டிமேட் கணக்கு இருக்கும். ‘ஏ.எஸ் 9100 சான்று பெற்ற நிறுவனம்’ என்ற வரியை ஐபிஓ விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். இந்தத் துறையில் அது கல்யாண மண்டபத்துக்குள் போக வேட்டி கட்டியிருப்பது மாதிரி. இல்லையென்றால் சங்கடம். இருப்பதால் யாரும் மாப்பிள்ளை ஆகிவிட முடியாது.

அந்த வரியைத் தாண்டி மூன்று இடம் பாருங்கள். மொத்த விற்பனையில் முதல் 5 வாடிக்கையாளர்களின் பங்கு எவ்வளவு? சரக்கு இருப்பும் வர வேண்டிய பாக்கியும் எத்தனை நாளாக நிற்கின்றன? லாபம் காட்டும் வருடத்தில் தொழிலில் இருந்து உண்மையிலேயே பணம் உள்ளே வந்திருக்கா, இல்லை கேஷ் ஃப்ளோ மைனஸா? அண்ணன் பட்டறையில் நாம் பார்த்த அதே பள்ளம் இங்கே கோடிகளில் இருக்கும். எஸ்எம்இ ஐபிஓவில் குறைந்தபட்ச விண்ணப்பமே இப்போது 2 லட்சத்துக்கு மேல், அதனால் ‘சும்மா போட்டுப் பார்ப்போம்’ என்பதற்கு அங்கே இடமில்லை.

கோயம்புத்தூரின் எல்எம்டபிள்யூவைப் பாருங்கள். 1962-ல் தொடங்கிய நூற்பு இயந்திர நிறுவனம். இன்று ‘அட்வான்ஸ்டு டெக்னாலஜி சென்டர்’ என்ற பிரிவில் விமானப் பாகங்களும் செய்கிறது. அந்தப் பிரிவின் வரவையும் லாப நட்டத்தையும் காலாண்டுக் கணக்கில் தனியாகக் காட்டுகிறது. இதை வாங்கச் சொல்லவில்லை, படித்துப் பழகச் சொல்கிறேன். காத்திருக்கும் வருடங்களைத் தாங்க வேறு தொழில் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று அந்த ஒரு அட்டவணையில் தெரியும்.

கோர்ஸ் சேரப் போறவங்களுக்கு

“5 நாளில் ஏ.எஸ் 9100 சர்டிஃபைடு ஆகுங்கள்” என்ற விளம்பரங்களில் வார்த்தையைக் கவனியுங்கள். இந்தத் தரநிலைக்கான சான்று நிறுவனத்துக்குத்தான், தனி மனிதருக்கு இல்லை. 5 நாள் லீட் ஆடிட்டர் பயிற்சி முடித்தால் உங்களுக்குக் கிடைப்பது பயிற்சி முடித்ததற்கான சான்று. சான்று நிறுவனத்தின் சார்பில் விமானத் துறை ஆடிட்டராகப் போக, அந்தத் துறையில் பல வருட நேரடி அனுபவமும் தனி அங்கீகாரமும் வேண்டும்.

ஏற்கனவே குவாலிட்டியில் வேலை பார்ப்பவருக்கு இந்தப் பயிற்சி நல்ல முதலீடு. முதலில் உங்க கம்பெனியையே செலவை ஏற்கச் சொல்லிக் கேளுங்கள். ஃப்ரெஷராக இருந்தால் கடன் வாங்கி இந்த கோர்ஸ் சேர வேண்டாம். டிராயிங் படிப்பது, சிஎம்எம் மெஷினில் அளப்பது, அளவு அறிக்கையைத் தப்பில்லாமல் எழுதுவது, இந்த மூன்றும் கைவந்தால் வேலை கிடைக்கும். கோர்ஸை அப்புறம் பார்த்துக்கலாம்.

இப்போ என்ன பண்ணணும்?

அண்ணன் போன் பண்ணினால் “முடியாது” என்று சொல்ல வேண்டாம். “சர்டிஃபிகேட் வந்த நாளில் இருந்து முதல் பணம் வர்ற நாள் வரைக்கும் மாசச் செலவுக்கு என்ன வழி வெச்சிருக்கீங்கண்ணே?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதுக்கு அவரிடம் எண்ணில் பதில் இருந்தால், உட்கார்ந்து பேசுங்கள். அவர் தயாராகத்தான் இருக்கிறார். இல்லையென்றால், அவர் பணம் போட வேண்டிய இடம் இன்னும் சான்றிதழ் இல்லை. முதலில் 6 மாதச் செலவைப் பட்டறைக் கணக்கில் சேர்க்க வேண்டும், ஒரு வாடிக்கையாளரிடம் இருந்து எழுத்தில் ஒரு வரி வாங்க வேண்டும். அதுவரை உங்க 5 லட்சம் எஃப்டியிலேயே இருக்கட்டும்.

20 மாதக் கணக்கை எக்ஸெல்லில் எப்படிப் போடுவது என்று நம்ம சேனலில் வீடியோவாகப் போடுறேன். அதுவரைக்கும் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் போதும். போட்டுப் பாருங்க.